கிள்ளைக் கரையிலே

சென்னையிலிருந்து சிதம்பரத்துக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் கிள்ளையைப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் பார்த்ததாக ஞாபகம் இராது. அது உங்கள் குற்றமல்ல. அந்த ஊரின் ஜாதகம் அப்படி.

கடலூர் தாண்டியாயிற்று, பரங்கிப்பேட்டை வந்தாயிற்று. அதற்கப்புறம் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் ரயில் தடதடவென்று ஓடுகிறது. உடனே வண்டிக்குள் ஒரே பரபரப்பு. "சிதம்பரம் வந்துடுத்து, பெட்டியை இறக்கு!" என்று ஒருவர் மனைவியை அவசரப்படுத்துகிறார். குழந்தையின் ஒரு செருப்பைக் காணவில்லை. கூஜா பெஞ்சுக்கு அடியில் உருண்டு விட்டது. இந்தக் களேபரத்துக்கு நடுவிலேதான் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன ஸ்டேஷன் வந்து போகிறது. மஞ்சள் பலகையில் மூன்றே எழுத்து: கிள்ளை. எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. செருப்பைக் கண்டுபிடித்து நிமிர்ந்தால் சிதம்பரம் கோபுரம்தான் கண்ணில் படும்.

இந்த வாரம் செருப்பைப் பிறகு தேடிக் கொள்ளலாம். என்னோடு கிள்ளையில் இறங்குங்கள்.

பேரூர் எங்கே?

கிள்ளை என்றால் கிளி. கிளியைப் போல அழகான பெயர்தான். ஊர் எப்படி என்கிறீர்களா? ஏட்டிலே அது பேரூராட்சி. பேரூராட்சி என்றதும் நீங்கள் ஒரு கடைத்தெருவையும், இரண்டு சினிமாக் கொட்டகைகளையும், அவற்றுக்கு நடுவே ஒரு மணிக்கூண்டையும் மனத்தில் கட்டிக்கொண்டு வந்தால் ஏமாந்து போவீர்கள். ஒரு சின்னக் கடைவீதி உண்டு. டீக்கடை உண்டு. அதைத் தாண்டினால் வயல், பனைமரம், இறால் வளர்க்கும் குட்டை, உப்பங்கழி, மறுபடியும் வயல். ஊர் ஓரிடத்தில் இல்லை. கை தவறிச் சிந்திய நெல்மணிகளைப் போல அங்கே ஒரு குப்பம், இங்கே ஒரு நகர், அதற்கப்பால் ஒரு திட்டு என்று கடல் வரையில் சிதறிக் கிடக்கிறது. முடசல் ஓடை, முழுக்குத்துறை, பில்லுமேடு, தைக்கால், எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கதை.

பேரூராட்சி என்ற பட்டம் இருக்கிறதே, அதுவே ஒரு தமாஷ். 2004-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் என்று அரசாங்கம் மாற்றியது. 2006-இல் 'இல்லை, பேரூராட்சிகளாகவே இருக்கட்டும்' என்று திருப்பிக் கொண்டது. வயலுக்கும் கழிக்கும் இது தெரியாது; ஆனால் வயலில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமப்புறத்துக்கானது. பேரூராட்சியோ சர்க்கார் கணக்கில் நகரம்! கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தேடுகிறவர் ஏட்டின்படி நகரவாசி. வரப்புக்கு அந்தப் பக்கத்தில் ஊராட்சியில் இருப்பவர் கிராமவாசி. ஒரே வெயில், ஒரே வயல். ஆனால் வேலை அட்டை ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. ஓர் ஊருக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது சில சமயம் அடுப்பு எரிவதையும் எரியாததையும் தீர்மானித்து விடுகிறது, பார்த்தீர்களா?

வருணன் வீசிய கயிறு

ஆயினும் வருஷத்தில் ஒரு நாள் கிள்ளை நிஜமாகவே பேரூராகி விடுகிறது. அதுதான் மாசி மகம்.

சிதம்பரத்துத் தீர்த்தங்களைச் சொல்லும் தலபுராணத்தில் கிள்ளைக் கடற்கரைக்கு ஒரு பெயர் உண்டு: பாசமறுத்த துறை. வருணன் தன் பகைவன் வருகிறான் என்று எண்ணி நள்ளிரவில், இருட்டிலே தன் பாசக்கயிற்றை வீசினானாம். கயிறு போய் விழுந்தது பகைவன் மேல் அல்ல. அவனுடைய குருவின் மேலேயே! குருவைக் கொன்ற பழி கயிறாகி அவன் உடம்பையே சுற்றிக் கட்டிக் கொண்டது. கட்டுண்டு கிடந்து அவன் தவித்தபோது, மாசி மாதத்து மக நாளில் சிவபெருமான் இந்தத் துறையிலே எழுந்தருளி அந்தக் கட்டை அறுத்து விட்டார் என்பது கதை. கடலுக்கே அதிபதியானவன் இருட்டிலே அவசரப்பட்டான்; அகப்பட்டுக் கொண்டான். இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடல் ஆள் தெரியாமல் கை வீசிய இன்னொரு சமயத்தைப் பற்றிப் பின்னால் பேசப் போகிறோம்.

மாசி மகத்தன்று சுற்று வட்டாரத்துக் கோயில்களிலிருந்து சுவாமிகள் தீர்த்தவாரிக்காக இந்தக் கரைக்கு வந்து சேருகிறார்கள். தீர்த்தவாரி நடக்கிற இடத்தின் பெயர் முழுக்குத்துறை. ஜனங்கள் முழுக்குப் போடுகிற துறை. எவ்வளவு பொருத்தமான பெயர்! வருகிறவர்களுள் முக்கியமானவர் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள். ஸ்ரீமுஷ்ணம் சிதம்பரத்துக்கு மேற்கே உள்நாட்டில் இருக்கிற ஊர்; வைணவர்கள் தாமே தோன்றியவை என்று போற்றும் எட்டு தலங்களுள் ஒன்று. அங்கிருந்து பெருமாள் ஊர் ஊராகத் தங்கி, மண்டகப்படி ஏற்றுக் கொண்டு, கடலை நோக்கி வருகிறார்.

வழியில் கிள்ளைத் தைக்கால் என்ற இடம். அங்கே ஒரு தர்கா. பெருமாள் அங்கே வந்ததும் முஸ்லிம் பெரியவர்கள் முன்னே வந்து வரவேற்று மரியாதை செய்கிறார்கள். கோயிலின் சார்பில் தர்காவுக்கும் மரியாதை நடக்கிறது. நோயுற்ற ஒரு நவாப், பெருமாளின் பிரசாதத்தால் குணமடைந்து கோயிலுக்கு நிலம் விட்டார், அந்த உறவு இன்னும் தொடர்கிறது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 'மத ஒற்றுமை' என்று மேடை போட்டு, ஒலிபெருக்கி வைத்து நாம் பேசுகிற சங்கதியை இந்த ஊரார் மேடையும் இல்லாமல், பேச்சும் இல்லாமல், வருஷா வருஷம் செய்து விட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய் விடுகிறார்கள்.

திருவிழா முடிந்தது. கூட்டம் கலைந்தது. ராட்டினக்காரன் மூட்டை கட்டிவிட்டான். மறுநாள் காலையில் முழுக்குத்துறையிலே மீனவர்களும் அலைகளும்தான் மிச்சம்.

உப்பிலே ஒரு காடு

இப்போது படகுக்குப் போவோம். கிள்ளையைத் தாண்டினால் பிச்சாவரம். பெயரைச் சொன்னதும் உங்கள் முகம் மலர்கிறது! 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன இடம் இதுதான். துடுப்புப் படகில் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் படகோட்டியும் அதைத்தான் முதலில் சொல்வார். பிறகு கால்வாய் குறுகும். இரண்டு பக்கத்துக் கிளைகளும் தலைக்கு மேலே பந்தல் போட்டது போல் கூடிக் கொள்ளும்.

"தலையைக் குனிஞ்சுக்குங்க சார்! அம்மா, கையை உள்ளே வையுங்க!" என்பார் படகோட்டி.

நாம் குனிவோம். வெளியே பளீரென்று இருந்த வெயில், உள்ளே பச்சை நிறமாக மாறியிருக்கும். பேச்சு தானாகவே தாழ்ந்து விடும்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவிலே, ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் இந்தக் காடும் கழியும் இருக்கின்றன. உப்பனாறும் கான்சாகிப் வாய்க்காலும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. கடல் உப்புத் தண்ணீரைக் கொண்டு வருகிறது. வயலில் கொஞ்சம் உப்பு ஏறினால் நம் நெல் கருகிப் போகிறது. இந்த மரங்கள் உப்பையே சாப்பாடாக்கிக் கொண்டு நிற்கின்றனவே, எப்படி?

கண்டல் மரத்தைப் பாருங்கள். அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக எதுவோ மேல்நோக்கி நீட்டிக் கொண்டிருக்கிறது. அவை வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை; ஆகையால் வேர் மூச்சு விட மேலே வந்திருக்கிறது. அதன் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளி விடுகிறது. பக்கத்தில் இருப்பது சுரபுன்னை. அது ஆக்டோபஸ் மாதிரிப் பல கால்களை ஊன்றிக் கொண்டு நிற்கிறது. அதன் விதை மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகுதான் விழுகிறது. சேறு இருந்தால் குத்திட்டு நின்று வேர் விடும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறோர் இடத்தில் குடியேறும். பெண்ணுக்கு நாலு எழுத்தும் ஒரு தொழிலும் கற்றுக் கொடுத்துப் புக்ககம் அனுப்புகிற தாயைப் போல, முன்யோசனை உள்ள மரம்!

இன்னொரு மரத்தையும் காட்டாமல் விட்டால் தில்லை நடராஜர் என்னை மன்னிக்க மாட்டார். அதுதான் தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம், கோயிலின் தலவிருட்சம். ஒரு காலத்தில் தில்லை வனமாக இருந்தது என்று சொல்லப்படும் ஊரிலே இன்று கட்டிடங்கள்தான் இருக்கின்றன. தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் இங்கேதான் வர வேண்டும். பார்த்தால் போதும், தொடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஊறுகாய் ஜாடி

'ஆஹா, என்ன அழகான காடு!' என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடலாம். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் திரும்புகிறார்கள். ஆனால் இந்தக் காடு ஏறக்குறைய செத்துப் பிழைத்த காடு என்பது உங்களுக்குத் தெரியுமா?

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1970-கள் வரையில் இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, ஒட்ட வெட்டி விற்றார்கள். வெட்டிய இடம் கொஞ்ச காலத்தில் தானாகத் துளிர்த்து விடும் என்பது எண்ணம். அது துளிர்க்கவில்லை. மொட்டையாகவே கிடந்தது. "இந்தக் கிராமத்து ஜனங்கள்தான் விறகுக்கு வெட்டி, மாடு மேய்த்துக் காட்டை அழித்தார்கள்" என்று பழி வந்தது. ஏழையின் மேல் பழி போடுவதற்குச் சாட்சியும் தேவையில்லையே!

1990-களில் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து மண்ணையும் நீரையும் சோதித்தார்கள். உண்மை வேறாக இருந்தது. மரத்தை ஒட்ட வெட்டியதும் நிழல் போயிற்று. வெயில் பட்டு, மண்ணிலிருந்த ஈரம் வற்றியது. மண் சுருங்கி உள்வாங்கிற்று. நடுவிலே தட்டுப் போலப் பள்ளம் விழுந்தது. கடல் பொங்கும்போது தண்ணீர் பள்ளத்துக்குள் வரும். வடியும்போது வெளியே போக வழி இல்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் காயும். உப்பு மட்டும் தங்கும். அடுத்த பொங்கலில் இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே வருஷக் கணக்கில் நடந்தால் என்ன ஆகும்? நம் வீட்டு ஊறுகாய் ஜாடிதான்! ஊறுகாய் ஜாடியில் எந்த விதை முளைக்கும்?

நோய் தெரிந்ததும் மருந்து சுலபமாயிற்று. கழியிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் சாய்வாகப் பல சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் முள் போல இருக்கும். கடல் பொங்கும்போது தண்ணீர் முள் வழியாக உள்ளே வந்து மண்ணைக் கழுவும். வடியும்போது உப்பை எடுத்துக் கொண்டு வெளியே போய்விடும். வாய்க்காலின் ஓரங்களில் கண்டல் கன்றும் சுரபுன்னைக் கன்றும் நட்டார்கள். மருந்து என்னவோ சுலபம்தான். ஆனால் முழங்கால் சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடிக்க யாராவது வேண்டுமே? பழி சுமந்த அதே கிராமத்து ஜனங்கள்தான் வெட்டினார்கள். வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், கிராமம் மூன்றும் சேர்ந்து காட்டைப் பார்த்துக் கொள்வது என்று ஏற்பாடாயிற்று. 1980-களின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2002-க்குள் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் பெருகியிருந்ததை விண்வெளியிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. 2022-இல் பிச்சாவரம், ராம்சார் தலம் என்ற சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றது. ராம்சார் என்பது ஈரான் தேசத்து ஊர்; சதுப்பு நிலங்களைக் காக்க 1971-இல் உடன்படிக்கை கையெழுத்தான இடம்.

ஈரான் வரையில் இந்தக் காட்டின் பெயர் போயிற்று. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எங்கே போயிற்று?

பறியைப் பல்லில் கடித்தவர்கள்

படகில் போகும்போது கழியிலே சில தலைகள் மட்டும் தெரியும். கழுத்தளவு தண்ணீரில் ஆணும் பெண்ணுமாக மெல்ல நகர்ந்து கொண்டிருப்பார்கள். கைகள் இரண்டும் தண்ணீருக்கு அடியில் சேற்றைத் துழாவிக் கொண்டிருக்கும். வாயில் எதையோ கடித்துக் கொண்டிருப்பார்கள். அது பனையோலையில் பின்னிய பறி. இறால் கையில் அகப்பட்டதும் பறியில் போடுவார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. இரண்டு கைகளுக்கும் துழாவுகிற வேலை. ஆகையால் பறியைப் பிடிக்கப் பற்கள்!

இவர்கள் இருளர்கள். செங்கல்பட்டுப் பக்கத்தில் பாம்பு பிடிக்கிறார்களே, வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்களே, அந்த இருளர்களின் உறவினம். எம்.ஜி.ஆர். நகர் முதலிய குடியிருப்புகளில் வசிக்கிறார்கள். கூலி வேலை செய்தும் விறகு வெட்டியும் வாழ்ந்தவர்கள், பிறகு கழியையே நம்பி இறங்கினார்கள். பரம்பரை மீனவர்களிடமும் அவர்களுக்கு அப்போது இடமில்லை. சர்க்கார் ஏட்டிலும் இடமில்லை. தமிழ்நாட்டில் இருளர்கள் அட்டவணைப் பழங்குடியினர். ஆனால் 'நாங்கள் இருளர்கள்' என்பதற்கு இவர்கள் கையில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித் தொகை இல்லை, சலுகை இல்லை, பிள்ளை மேலே படிக்கப் போனால் வாசலிலேயே நிற்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் தாத்தா இன்னார், பாட்டி இன்னார் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அதை ஒரு காகிதம் சொன்னால்தான் உண்மை! காட்டை மீட்கும் வேலை நடந்தபோதுதான் இந்தக் குறையும் வெளியே வந்தது. சான்றிதழுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முயற்சி நடந்தது, இரண்டும் கிடைத்தன. மரக்கன்று வேர் பிடித்த அதே காலத்தில் குழந்தைகளும் சிலேட்டைப் பிடித்தார்கள். 'காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் பக்கத்தில் இருப்பவனை முதலில் காப்பாற்று' என்ற பாடத்தைப் புத்தகத்தில் நூறு பக்கம் படிக்கலாம்; இங்கே ஒரு மாலைப் பொழுதில் தெரிந்து கொள்ளலாம்.

ஒரு பெயர், இரண்டு ஊர்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மார்கழிப் பௌர்ணமி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி நடுங்கிற்று. இங்கே யாருக்கும் தெரியாது. படகுக்காரர்கள் படகைப் பார்த்தார்கள். பெண்கள் மீன் கூடையைப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு அரைப்பரீட்சை விடுமுறை, மணலில் விளையாடினார்கள். இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் கடல் வந்து விட்டது.

புராணத்து வருணன் இருட்டிலே கயிறு வீசினான். இந்தத் தடவை பட்டப்பகல். யார் பகைவன், யார் நண்பன் என்று கடலுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நாளில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள்.

கிள்ளைக் கரையிலே எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒரு மீனவர் குடியிருப்பு இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழி. நடுவிலே மணல் திட்டு. ஓடுவதற்கு இடம் ஏது? அலை அந்தத் திட்டைத் துடைத்து விட்டது. மாசி மகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் புண்ணிய முழுக்குப் போடுகிற முழுக்குத்துறையிலும் அழிவு. பிழைத்தவர்கள் அக்கரைக்கு வந்து, கிள்ளைப் பக்கம் புதிய வீடுகளில் வாழ்க்கையை மறுபடி ஆரம்பித்தார்கள்.

எம்.ஜி.ஆர். பெயரையே தாங்கிய இன்னோர் ஊர், இருளர்கள் வாழும் எம்.ஜி.ஆர். நகர். அது கடலோரத்தில் அல்ல, காட்டுக்குப் பின்னால் இருந்தது. அந்த ஊர் தப்பியது. காட்டை ஒட்டியிருந்த வேறு சில குடியிருப்புகளும் அப்படியே தப்பின.

இதைப் பற்றிப் பிற்பாடு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2005-இல் உலகப் புகழ் பெற்ற 'சயன்ஸ்' பத்திரிகையில் கடலூர்க் கரையைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. காட்டைச் சார்ந்த ஐந்து கிராமங்களில் கடலோரம் இருந்த இரண்டும் முற்றிலும் அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றும் அழியவில்லை என்று அது சொல்லிற்று. பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசனும் அவருடைய சகாவும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, காடு அலையின் வேகத்தைத் தணித்தது என்று எழுதினார்கள்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். "காடு மட்டுமா காத்தது? அந்த ஊர்கள் கடலிலிருந்து தூரத்திலும் மேட்டிலும் இருந்தன, அதனால் தப்பியிருக்கலாம்" என்று வேறு விஞ்ஞானிகள் அதே கணக்கை வைத்துக் கொண்டு மறுத்தார்கள். வாதம் நியாயமானதுதான். மரத்தை நட்டுவிட்டோம், இனிக் கடலோரத்தில் கவலையில்லாமல் தூங்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மேடும் வேண்டும், தூரமும் வேண்டும், முன்கூட்டி எச்சரிக்கிற ஏற்பாடும் வேண்டும். ஆனால் ஒன்று. காட்டுக்குப் பின்னால் குடியிருப்பவன், காடு இருக்கிற காரணத்தினாலேயே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கிறான்? அந்த இடத்தைக் காலியாக விடாமல் பிடித்துக் கொண்டு நின்றது எது? மரம்தானே!

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். உப்பு ஜாடியாகச் செத்துக் கிடந்த நிலத்தில் வாய்க்கால் வெட்டியது 1990-களில். அலை வந்தது 2004-இல். பத்து வருஷம் தாமதித்திருந்தால்? அன்று முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவர்களுக்கு, தாங்கள் வெட்டுவது எதற்கான வாய்க்கால் என்று முழுதும் தெரிந்திருக்குமா?

போய் வாருங்கள்

நேயர்களே, அடுத்த லீவுக்குப் பிச்சாவரம் போவதென்று நீங்கள் இதற்குள் தீர்மானித்திருப்பீர்கள். தாராளமாகப் போங்கள். சிதம்பரத்திலிருந்து பஸ் இருக்கிறது. கிள்ளை வழியாகத்தான் போகும். காலையிலேயே போய் விடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் காடு இன்னும் அழகு. தொப்பியும் குடிதண்ணீரும் கொண்டு போங்கள். முறுக்குப் பொட்டலத்தின் காகிதத்தைக் கழியில் போடாதீர்கள். அது மூச்சு விடுகிற வேரின் மூக்கை அடைக்கும்.

ஆனால் ஒரு வேண்டுகோள். பிச்சாவரத்தை மட்டும் பார்த்துவிட்டு, கிள்ளையை பஸ் ஜன்னலிலே விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தைக்காலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முழுக்குத்துறையில் கடலைப் பாருங்கள். வழியில் பறியோடு வருகிற ஒரு பெரியவரையோ அம்மாளையோ கண்டால், விலை பேசுவதற்கு முன்னால், "எந்த ஊர் ஐயா?", "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்று கேளுங்கள். நம்மில் யாரும் அவர்களை அதிகமாகக் கேட்டதில்லை.

சுவாமி மாசியில் ஒரு நாள் வந்து கடலில் முழுகிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பி விடுகிறார். நாம் லீவில் ஒரு நாள் வந்து படம் பிடித்துக் கொண்டு வீட்டுக்குத் திரும்பி விடுகிறோம். மிச்சமிருக்கிற நாட்களெல்லாம் கடலுக்கு எதிரே நின்று கொண்டிருப்பவர்கள் கிள்ளைக் கரையின் இந்தக் கொஞ்சம் பேர்தான். அவர்களோடு கால் ஊன்றிய சுரபுன்னையும்.

அடுத்த முறை வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் தடதடக்கும்போது, பெட்டியை இறக்குவதற்கு முன் ஜன்னல் வழியாக ஒரு தடவை வெளியே பாருங்கள். மஞ்சள் பலகையில் அதே மூன்று எழுத்துத்தான் இருக்கும். குழந்தை, "அது என்ன ஊர் அப்பா?" என்று கேட்டால், இனி உங்களிடம் ஒரு பதில் இருக்கிறது அல்லவா?